விருந்தும் சான்றும்



காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் வரலாற்று நூல்களில் போர்க்களமாகவே பெயர் பெற்றுள்ளது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு கூறுகின்றது. அப்பகைவருள் முதல்வன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், ஐதர் அலியும் அவர் மைந்தர் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இதே நிலப்பகுதியில் முறியடித்தனர். மறு ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐதரும் சர் அயர் கூட்டும் மீண்டும் இங்கே பொருதனர். அப்போரில் மாண்ட ஆங்கிலப் படைத்தலைவர் இருவருக்கு எழுப்பிய நினைவுத் தூண்கள் புள்ளலூரில் உள்ளன. 1780ஆம் ஆண்டு வெற்றியைத் திப்பு, சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஓவியமாகத் தீட்டுவித்தார்.

செப்பேடும் தூணும் சுவரோவியமும் போருக்குச் சான்றாக நிற்கின்றன. அப்போர்களுக்கு இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அவ்வூரில் எத்தனையோ திருமணங்கள் நிகழ்ந்திருக்கும். அவற்றுள் ஒன்றுக்கேனும் எவரும் கல் நாட்டவில்லை. திருமணத்திற்குச் சான்று கல்லன்று. வந்திருந்து கண்ட மனிதரே சான்று. அச்சான்றினருள்ளும் ஒரு சாராரைப் பற்றியது இவ்வுரை. பிற சமயத்தார் இல்லத் திருமணத்திற்கு, குறிப்பாக முஸ்லிம் திருமணத்திற்கு, முதன்முறையாக விருந்தினராகச் செல்பவர் அங்கே எதைக் காண்கின்றார், எதற்குச் சான்றாகின்றார் என்பதே இதன் பொருள்.

தமிழில் 'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியர் செய்யுளின் எண்வகை வனப்புகளுள் ஒன்றாக விருந்தைக் கூறும்போது, புதிதாகப் புனையும் யாப்பையே அச்சொல்லால் சுட்டுகின்றார். புதிதாக வந்தவரையும், அவருக்கு இடும் உணவையும் அச்சொல் குறித்தது இப்புதுமைப் பொருளின் வழியாகவே. உறவினர் வந்தால் கேளிர் வந்தனர். முன்பின் பழகாதவர் வந்தால் விருந்து வந்தது. இவ்வகையில் நோக்கினால், பல்லாண்டு அருகருகே வாழ்ந்தும் ஒருவர் இல்லத் திருமணத்தில் மற்றவர் கால் வைக்காதிருந்து, ஒருநாள் முதன்முறையாகச் செல்பவரே அச்சொல்லின் முழுப்பொருளில் விருந்தினர் ஆவார்.

புள்ளலூரைப் போன்றதொரு சிற்றூரில் வாழும் இந்துக் குடும்பத் தலைவி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த தெருவில் தையற்கடை நடத்தும் முஸ்லிம் குடும்பத்தை அவர் இருபது ஆண்டுகளாக அறிவார். ரமலான் மாதத்து மாலைகளில் அவ்வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். பொங்கலன்று இவ்வீட்டிலிருந்து கரும்பும் சர்க்கரைப் பொங்கலும் செல்லும். கடைக்காரரை ஊரார் 'பாய்' என்று அழைப்பர். உருதுவில் உடன்பிறந்தானைக் குறிக்கும் சொல் அது. ஊரார் வாயிலோ உறவு தேய்ந்து, சமயத்தின் அடையாளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அக்கடைக்காரரின் மகளுக்குத் திருமணம் உறுதியாகின்றது. பெண்ணின் தாயார் நேரில் வந்து, "அக்கா, நீங்க எல்லாரும் கட்டாயம் வரணும், பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று அழைப்பிதழைக் கையில் தருகின்றார்.

மறுக்க மனம் வரவில்லை. உடனே ஏற்கவும் நா எழவில்லை. எந்நேரத்தில் செல்வது, எங்கே அமர்வது, நெற்றியில் பொட்டுடன் செல்லலாமா, பரிசாக எதைக் கொடுப்பது, சைவ உணவு கிடைக்குமா என ஐயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இருபதாண்டுப் பழக்கத்தில் இவற்றுள் ஒன்றையேனும் கேட்டறிய வேண்டிய தேவை நேரவில்லை என்பது எண்ணற்பாலது. கஞ்சிப் பாத்திரம் வாசல் வரை வந்தது. வாசலைக் கடந்து எவரும் உள்ளே செல்லவில்லை. பகை இல்லாமையையே நட்பு என்று இரு வீட்டாரும் கொண்டிருந்தனர்.

அழைப்பிதழைப் பிரித்தால் தமிழே முகங்காட்டுகின்றது. 'தீன்குலச் செல்வன்', 'தீன்குலச் செல்வி' என்று மணமக்களைக் குறிக்கும் வழக்கம் தமிழ் முஸ்லிம்களிடையே உண்டு. 'தீன்' என்பது சமய நெறியைக் குறிக்கும் அரபுச் சொல். 'குலச் செல்வி' கலப்பற்ற தமிழ். இரண்டும் புணர்ந்த தொடர், எழுதுவோர்க்கும் படிப்போர்க்கும் இயல்பான தமிழாகவே ஒலிக்கின்றது. 'இன்ஷா அல்லாஹ்' என்னும் தொடருக்கு 'இறைவன் நாடினால்' என்பது பொருள். ஆங்கிலத் தேதியின் அருகில் ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கும் காணப்படும். முகூர்த்தம், இராகுகாலம் பற்றிய குறிப்பு இராது. தொழுகை வேளையை ஒட்டியே பெரும்பாலும் நேரம் குறிக்கப்படும்.

மண்டபத்தில் பன்னீரும் சந்தனமும் வரவேற்கின்றன. ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் இருக்கைப் பகுதிகள் தனித்தனியே அமைந்துள்ளன. விருந்தினராகிய பெண்மணி மணமகள் இருக்கும் பகுதிக்கு அழைத்துச் செல்லப்படுகின்றார். அவருடைய பொட்டை எவரும் உற்று நோக்கவில்லை. 'வாங்க, உட்காருங்க' என்னும் சொற்கள் எந்தத் தமிழ்மணப் பந்தலிலும் ஒலிப்பவையே. மணமகளின் உடலில் பட்டுச் சேலை, கூந்தலில் மல்லிகை. வட தமிழகத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி உருது. ஆதலின் முதியோர் தமக்குள் உருதுவில் பேசுகின்றனர். விருந்தினரை நோக்கியதும் அவர்தம் மொழி தமிழாகின்றது.

இனி, சடங்கின் உயிர்நிலை. மணமேடையில் எதுவும் தொடங்குவதற்கு முன்னரே, மணமகளின் தந்தையோ அவருடைய இடத்தில் நிற்பவரோ, சான்றாளர் இருவருடன் மணமகளிடம் வருகின்றார். இன்னாரின் மகன் இன்னாருக்கு, இன்ன மஹருக்கு மணம் செய்து தர அவளது இசைவைக் கேட்கின்றார். அவள் இசைந்து, ஜமாஅத்தின் பதிவேட்டில் கையெழுத்திடுகின்றாள். அதன்பின்னரே ஆடவர் பகுதியில் இமாம் மணவுரை ஆற்றுகின்றார். பெண்ணைக் கொடுப்பவர் கொடுத்தேன் என்று கூற, மணமகன் ஏற்றேன் என்று அவையறியக் கூறுகின்றான். மணமகனும் சான்றாளரும் கையெழுத்திடுகின்றனர். ஆதம்-ஹவ்வா, இபுராகீம்-சாரா, முகம்மது நபி-கதீஜா, அலி-பாத்திமா ஆகிய இணையரைப் போல் இவர்களும் இணைந்து வாழ வேண்டுமென்று துஆ ஓதப்படுகின்றது. பேரீச்சம்பழமும் கற்கண்டும் வழங்கப்படுகின்றன. பெண்கள் பகுதியில், குடும்ப வழக்கமுடையோர் மணமகளின் கழுத்தில் கருகமணி அணிவிக்கின்றனர். அதைக் கட்டுபவர் பெரும்பாலும் மணமகன் வீட்டுப் பெண்ணே.

பெண்கள் பகுதியில் அமர்ந்திருப்பவர் மணமகனின் சொல்லை ஒலிபெருக்கி வழியாகவே கேட்கின்றார். நெருப்பு இல்லை, அம்மி இல்லை, அருந்ததி காட்டுதல் இல்லை. சில நிமிடங்களில் நிறைவுற்ற இந்நிகழ்ச்சியைக் கண்டு, 'இவ்வளவுதானா?' என்று முதன்முறை வந்தவர் வியத்தல் இயல்பு. ஆயினும் தமிழ் இலக்கணம் கற்றவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. தொல்காப்பியக் கற்பியல் திருமணத்தை வரையறுக்கும்போது, பெண்ணைக் கொடுத்தற்கு உரியோர் கொடுக்க, கொள்ளுதற்கு உரியவன் முறையோடு கொள்வதே கற்பு மணம் என்று கூறுகின்றது. கொடுப்போர் சொல், கொள்வோன் சொல், இரண்டையும் இணைக்கும் கரணம் என்னும் மூன்றே அங்குப் பேசப்படுகின்றன. கரணம் ஏன் வந்தது என்பதற்கும் தொல்காப்பியர் காரணம் கூறுகின்றார். பொய்யும் பிழையும் மிகுந்த பின்னரே பெரியோர் அதனை வகுத்தனர் என்பது அவர் கருத்து.

அப்பொய் எத்தகையது என்பதற்கு அகநானூற்றின் 256ஆம் பாடல் எடுத்துக்காட்டாகும். கள்ளூரில் ஒருவன் இளம்பெண் ஒருத்தியின் நலத்தை நுகர்ந்துவிட்டு, அவளை அறியேன் என்று பொய்யுரைத்தான். அவையத்தார் சான்றாளரைக் கேட்டு உண்மையறிந்து, அவனை மரக்கிளையில் பிணித்து, அவன் தலையில் நீற்றைச் சொரிந்து ஒறுத்தனர். ஒரு பெண்ணின் வாழ்வு ஓர் ஆணின் சொல்லை நம்பி நிற்கும்போது, அச்சொல்லை நாலுபேர் கேட்டிருக்க வேண்டும் என்பதே கரணத்தின் அடிப்படை. இசுலாமியத் திருமணத்தில் சான்றாளர் இருவர் கட்டாயமாக்கப்பட்டதும், திருமணத்தை மறைக்காமல் அறிவிக்கவேண்டும் என்று வலியுறுத்தப்பட்டதும் இதே நோக்கத்தால் எனலாம். மணமகன் வெளியூரினன் ஆயின், அவனுடைய ஊர் ஜமாஅத்திலிருந்து அவனைப் பற்றிய கடிதம் பெற்று வரச் செய்யும் வழக்கமும் பொய்யைத் தடுப்பதற்கே. பிற்காலக் கல்வெட்டுகளில் 'கரணத்தான்' என்னும் சொல் ஊர்க்கணக்கு எழுதுவோனைக் குறித்தது. மணத்திற்கும் எழுத்துக்கும் பொதுவாக அமைந்த அச்சொல்லை, ஜமாஅத்தின் பதிவேடு நினைவூட்டுகின்றது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எச்சமயத் திருமணமாயினும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும் என்று விதித்துள்ளமையும் இவ்வழியில் நோக்கத்தக்கது.

இதனால் தமிழ் மணமே அரபு நாட்டு மணமாயிற்று என்றோ, அதுவே இதுவாயிற்று என்றோ கொள்ளுதல் பொருந்தாது. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வளர்ந்த இரு சமுதாயங்கள் ஒரே அச்சத்தை உணர்ந்து ஒரே மருந்தைக் கண்டன என்பதே பெறப்படுவது.

மஹர் பற்றியும் ஒரு சொல். அது மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை. தொகையோ பொன்னோ, அவையில் வெளிப்படையாக அறிவிக்கப்படுகின்றது. அது அவளுக்கே உரிய உடைமை. அலி தம் கவசத்தை விற்றுப் பாத்திமாவுக்கு மஹர் அளித்த செய்தி முஸ்லிம் இல்லங்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணையிலிருந்து பிரித்தே வைத்துள்ளது. நெறி இவ்வாறிருக்க, நடைமுறை வேறாகவும் உள்ளது. தமிழ் முஸ்லிம்கள் 'கைக்கூலி' என்று குறிக்கும் வரதட்சணை, பெண் வீட்டாரிடமிருந்து மணமகன் வீட்டாருக்குச் செல்கின்றது. அவையில் அறிவிக்கப்படும் மஹர் சிறியது. அறைக்குள் பேசப்படும் கைக்கூலி பெரியது. இதனைக் கண்டித்து முஸ்லிம் சமுதாயத்திற்குள்ளேயே பல அமைப்புகள் பரப்புரை செய்து வந்துள்ளன. கைக்கூலித் திருமணத்தில் பங்கேற்பதில்லை என்று உறுதி பூண்டோரும் உளர். முதன்முறை வந்த விருந்தினர் இதனைக் கேள்வியுற்றால் அயன்மை உணரார். தம் வீட்டிலும் உள்ள நோய் இவ்வீட்டிலும் உள்ளது என்றே உணர்வார். ஒருவர் மற்றவரின் சிறப்பை மட்டும் கண்டால் அது சுற்றுலா; குறையையும் தம் குறையாகக் காணும்போதே அது உறவு.

தமிழ் இலக்கியம் இத்திருமணத்தைத் தன் பந்தலுக்குள் முன்னரே அழைத்துக்கொண்டது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் 5027 விருத்தங்களாலான காப்பியம். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் துணையால் தொடர்ந்தது என்பர். அதில் கதீஜா நாயகியின் திருமணம் மணம்புரி படலத்திலும், பாத்திமா நாயகியின் திருமணம் தனிப் படலமாகவும் பாடப்பட்டுள்ளன. கதீஜா வணிகச் செல்வி, கணவரை இழந்தவர், நபிகளினும் வயதில் மூத்தவர், தாமே விரும்பித் திருமணப் பேச்சைத் தொடங்கியவர். அத்தகைய பெண்ணைக் காப்பியத் தலைவியாக ஏற்பதில் தமிழ் யாப்புக்குத் தடையேதும் நேரவில்லை. அரபு நாட்டு மணவிழாவைத் தமிழ்க் காப்பிய மரபின் நகரலங்காரத்தோடும் உலாவோடும் உமறு பாடினார். கம்பனைக் கற்ற காது அதனை அயலாகக் கேட்பதில்லை. ஏட்டில் அடுத்தடுத்து இருந்த இரு சமயத்தாரும் வீட்டில் அடுத்தடுத்து இருந்தும், ஒருவர் பந்தலை ஒருவர் காணாதிருந்தனர் என்பது இலக்கியம் கற்றோரைச் சுட வேண்டிய செய்தி.

மணம் முடிந்ததும் பந்தி. பிரியாணி, தால்ச்சா, தயிர்ப்பச்சடி, கத்தரிக்காய், இனிப்பு என்று இலையோ தட்டோ நிறைகின்றது. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஒரே சஹனைச் சூழ்ந்து சிலர் சேர்ந்துண்ணும் வழக்கம் உண்டு. அவ்வூர்களில் மணமகன் மணமகள் வீட்டிற்கு வாழச் செல்லும் மரபும் உண்டு. ஆதலின் 'முஸ்லிம் திருமணம்' என்று ஒன்றை மட்டும் கண்டு அனைத்தையும் கண்டதாகக் கொள்ளலாகாது. உள்நாட்டு ஊர்களில் இலை தனித்தனியே இடப்படுகின்றது. சைவ உணவு உண்போர்க்கெனத் தனிச் சமையலும் தனிப்பந்தியும் ஏற்பாடு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. தாம் உண்ணாத உணவை விருந்தினர்க்காகத் தனியே சமைப்பிக்கும் அக்கறை, சடங்கு நூல் எதிலும் எழுதப்படாத சடங்கு.

ஊன் கலந்த நெய்ச்சோறு திருமணத்திற்கு உரியதன்று என்று எண்ணும் தமிழர், அகநானூற்றின் 136ஆம் பாடலை நினைத்தல் தகும். விற்றூற்று மூதெயினனார் காட்டும் அத்தமிழ்த் திருமணத்தில், இறைச்சியோடு கூடிய, நெய் மிகுந்த வெண்சோற்றைக் குறைவின்றி வழங்கிப் பெரியோரைப் பேணினர். நல்லாவூர் கிழார் பாடிய 86ஆம் பாடலின் திருமணத்திலோ உழுந்து சேர்த்துச் சமைத்த சோறு பந்தியில் இடப்பட்டது. மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்தினர். ஊன் சோறும் உழுந்துச் சோறும் சங்கத் தமிழரின் பந்திகளே. ஒன்றை உண்பவர் மற்றதை இகழ்வதற்குத் தொகைநூலில் இடமில்லை. பெண்டிர் கூடி மணச்சடங்கை நிகழ்த்துவது இன்று கருகமணி அணிவிக்கும் கைகளிலும் தொடர்கின்றது.

வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் விருந்தினரின் மனத்தை அனிச்ச மலரினும் மென்மையாகக் கண்டார். முகத்திரிபு ஒன்றே அம்மனம் வாடப் போதுமானது. அது அழைத்தவர்க்குக் கூறிய அறிவுரை. அழைக்கப்பட்டவர்க்கும் அது பொருந்தும் என்பதை முதன்முறைச் செல்லும் விருந்தினர் உணர்தல் வேண்டும். அழைத்தவரின் கண்ணும் விருந்தினரின் முகத்தையே பார்த்திருக்கும். இலையின் முன் தயங்கிய கை, நீரை வாங்க மறுத்த உதடு, தலையைக் காட்டிவிட்டு உண்ணாமல் திரும்பிய கால் ஆகியவை அழைத்தவரின் நெஞ்சில் ஆண்டுகள் பல தங்கும். உண்ண இயலாத உணவை மறுத்தல் குற்றமன்று. இயன்றதை இன்முகத்தோடு உண்ணுதல் கடமை.

சட்டப்படி சான்றாளர் இருவரே. ஆனால் அழைப்பிதழ் பெற்று வந்த ஒவ்வொருவரும் திருமணம் வெளிப்பட நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகின்றனர். அப்பெண் இசைந்தாள், அவ்வாடவன் ஏற்றான், அத்தந்தையின் கண் கலங்கியது, அத்தாய் அடுக்களைக்கும் பந்திக்கும் இடையே ஓடினாள். இவற்றைக் கண்டவர் இவற்றை மறுத்தல் அரிது. திருமணத்திற்குள் பொய் நுழையாதிருக்கக் கரணம் வகுத்தனர். இரு சமயத்தார்க்கு இடையே பொய் நுழையாதிருக்க வகுக்கப்பட்ட கரணம் ஏதும் இல்லை. அவர்கள் இத்தகையர், அவர்கள் வீட்டில் இவ்வாறு நடக்கும், அவர்கள் பெண்களை இவ்வாறு நடத்துவர் என்னும் செவிவழிச் செய்திகள் இக்காலத்தில் கைபேசி வழியே விடியற்காலையிலேயே வந்து சேர்கின்றன. அவற்றைக் கேட்டு, 'அப்படியன்று. அவ்வீட்டுத் திருமணத்தில் இருந்தேன். கண்டேன்' என்று சொல்லும் ஒருவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலும் பொய் அவ்வூரில் கால் ஊன்றாது. அப்படிச் சொல்வதற்கு அவர் அங்கே சென்றிருத்தல் வேண்டும்.

புள்ளலூர்ப் போரும் இதற்கொரு பாடம். ஐதரின் படையில் முஸ்லிம்களும் இந்துக்களும் இருந்தனர். கும்பினிப் படையின் சிப்பாய்களிலும் இரு சமயத்தாரும் இருந்தனர். கும்பினியாரின் பக்கம் நின்ற ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா முஸ்லிமே. அதனைச் சமயப் போராக இன்று எவரேனும் கூறினால், அது பொய்ச்சான்று. தூணில் வெட்டிய எழுத்து மாண்டவர் பெயரைச் சொல்லும். போரின் தன்மையைச் சொல்ல அதற்கு நா இல்லை. கல்லால் ஆன சான்று வாய் திறவாது நிற்கும்போது பேச வேண்டியவர் மனிதரே.

விருந்து ஒருவழிப் பாதையன்று. தையற்காரர் மகளின் திருமணத்தில் உண்டு வந்த பெண்மணி, தம் மகனின் திருமணத்திற்கு அக்குடும்பத்தை அழைக்கும் நாளில் அக்கடன் நிறைவுறும். அன்று அவர்கள் எங்கே அமர்வர், எதை உண்பர், எச்சடங்கில் ஒதுங்கி நிற்க விரும்புவர் என்று கேட்டறிந்து அழைக்க வேண்டியவர் அவரே. அதன்பின் இரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் விருந்தினர் என்னும் நிலை மாறும். புதுமை தேய்ந்து கேண்மை எஞ்சும். 'பாய்' என்று அவர் அழைக்கும்போது, அச்சொல்லுக்குள் உறங்கிக் கிடந்த உடன்பிறப்பு என்னும் பொருள் அன்று விழித்துக்கொள்ளும்.